சனிக்கிழமை மாத்திரை: கணவருக்கோ மனைவிக்கோ சொரியாசிஸ் சிகிச்சை என்றால் கூட இருப்பவர் செய்ய வேண்டியவை

என் மனைவிக்கு சொரியாசிஸ், அதாவது தோலில் செதில் செதிலாகப் படை வருகிற நோய், வந்து ஏழு வருடம் ஆகிறது. முதல் நான்கு வருடம் களிம்பிலேயே ஓட்டினோம். அப்புறம் முதுகு, முழங்கால், தலை என்று படை பரவி, சேலை உரசினாலே ரத்தம் கசிகிற நிலை வந்தபோது தோல் டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையை எழுதினார். வாரத்துக்கு ஒரு நாள், எங்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி. அந்த மருந்தோடு குடும்பம் நடத்தப் பழகவே எங்களுக்கு ஆறு மாதம் பிடித்தது. டாக்டர் ஐந்து நிமிடத்தில் சொன்னதில் பாதி புரியவில்லை. புரிந்ததில் பாதி பஸ்ஸில் வரும்போதே மறந்துபோனது. இன்றைக்கு அந்த முதல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிற கணவருக்கோ மனைவிக்கோ இதை எழுதுகிறேன்.

எந்த மருந்து, எவ்வளவு என்பது டாக்டர் பாடு. அதில் நான் தலையிடவில்லை, நீங்களும் தலையிடாதீர்கள். கூட இருப்பவருக்கு விழுவது குமாஸ்தா வேலை: தேதி, ரிப்போர்ட், பில், மாத்திரை டப்பா. "தைரியமா இரு" என்று சொல்வதை நான் முதல் மாதத்தோடு விட்டுவிட்டேன். அதை அவளிடம் ஏற்கெனவே இருபது பேர் சொல்லியாயிற்று. டெஸ்ட் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

1. முதல் நாளே ஒரு ஃபைல் போடுங்கள்

பழைய சீட்டுகள், தோலில் சதை எடுத்துப் பார்த்திருந்தால் அந்த ரிப்போர்ட், ரத்த ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் வையுங்கள். இதுவரை தடவிய களிம்புகளின் காலி ட்யூப் இருந்தால் அதையும் போடுங்கள். "ஏதோ வெள்ளை ட்யூப் டாக்டர்" என்று நாங்கள் சொன்னதை வைத்து அவர் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போனில் போட்டோ எடுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்குக் குறைவது தெரியாது. எங்கள் வீட்டில் கொல்லைக் கதவுப் பக்கம், காலை எட்டு மணி.

சர்க்கரை, பிபி, தைராய்டு என்று வேறு எதற்காவது மாத்திரை போடுகிறாரா? அந்தப் பட்டியல் முதல் பக்கத்தில் இருக்கட்டும். பிபிக்குத் தருகிற பீட்டா பிளாக்கர் வகை, மனநலத்துக்குத் தருகிற லித்தியம், மலேரியாவுக்குத் தருகிற குளோரோகுயின் வகை மருந்துகள் சொரியாசிஸைக் கிளப்பிவிடக்கூடும். ஒரு டாக்டர் எழுதியது இன்னொரு டாக்டருக்குத் தெரியாது. இரண்டு சீட்டையும் ஒரே மேசையில் வைக்கிற ஆள் நீங்கள்தான். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், காட்டினால் போதும்.

மூட்டு வலியையும் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் இருப்பது, குதிகால் வலி, நகத்தில் ஊசியால் குத்தியது போலக் குழி குழியாக இருப்பது, இதெல்லாம் சொரியாசிஸ் மூட்டுக்குப் போவதன் அடையாளமாக இருக்கலாம். என் மனைவி பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் நடத்துவதால் குதிகால் வலிக்கிறது என்று ஒரு வருடம் சொல்லவே இல்லை. மூட்டுக்குப் போயிருந்தால் மருந்தே மாறலாம்.

2. மாத்திரைக்கு முன் எடுக்கும் டெஸ்டுகள்

வழக்கமாக எழுதுவது: ரத்த அணுக்கள் எண்ணிக்கை, கல்லீரலுக்கான எல்எஃப்டி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் டெஸ்ட், எச்ஐவி டெஸ்ட், நெஞ்சு எக்ஸ்ரே, டிபி டெஸ்ட். எச்ஐவி என்று பார்த்ததும் என் மாமியார் பயந்துபோனார். எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்துகிற மருந்து என்பதால் எல்லோருக்கும் எடுப்பதுதான். குழந்தை பெறும் வயது என்றால் கர்ப்ப டெஸ்டும் உண்டு.

எங்கள் ஊர் தனியார் லேபில் முதல் சுற்றுக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. மாதாந்திர டெஸ்டுக்கு எண்ணூறிலிருந்து ஆயிரம். அரசு மருத்துவமனையில் பார்த்தால் இந்தச் செலவு இல்லை, ஆனால் அரை நாள் போகும். அங்கே ஓபி காலையில்தான், எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.

தொடங்கிய பிறகு முதல் சில வாரங்கள் அடிக்கடி, அப்புறம் மாதம் ஒரு முறை, எல்லாம் சீராக இருந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மாத்திரை போட்ட ஓரிரண்டு நாளில் ரத்தம் கொடுத்தால் கல்லீரல் எண்கள் தற்காலிகமாக ஏறிக் காட்டும். நாங்கள் ஞாயிறு விடுமுறை என்று அன்றைக்கே கொடுத்து, எண் ஏறி, பயந்து, ஒரு வாரம் மருந்தை நிறுத்தி, திரும்பவும் டெஸ்ட் எடுத்து, எல்லாம் வெட்டிச் செலவு. அடுத்த மாத்திரைக்கு முந்தைய ஓரிரு நாளில் கொடுங்கள். எங்களுக்கு அது வெள்ளிக்கிழமை.

3. வாரத்துக்கு ஒரு நாள் என்றால் ஒரே நாள்தான்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை அடிவாங்கி உயிருக்கே ஆபத்து. இதைத் தெரிந்துகொண்டும் நாங்கள் மயிரிழையில் தப்பினோம். மூன்றாவது மாதம் மருந்து தீர்ந்து, பக்கத்துக் கடையில் வாங்கினேன். கவர் மேல் கடைப்பையன் வழக்கம்போல 1-0-0 என்று பேனாவில் எழுதிக் கொடுத்துவிட்டான். சனிக்கிழமை ராத்திரி அவள் மாத்திரை போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை என் அம்மா இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீரையும் மாத்திரையையும் எடுத்து வைத்து, "காலைல ஒண்ணுன்னு போட்டிருக்கேம்மா, போட்டுக்கோ" என்றார். இவள் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்: "என்னங்க, இது வாரத்துக்கு ஒருக்காதானே?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டு நடைமுறை இது. டாக்டரிடமே கிழமையின் பெயரைச் சீட்டில் எழுதச் சொல்வோம். மருந்து வந்ததும் கடைக் கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு, தனி டப்பாவில் "சனி இரவு மட்டும்" என்று பெரிதாக எழுதி, பீரோவில் வைப்பேன். சமையலறை அலமாரியில் மற்ற மாத்திரைகளோடு அது இருக்காது. போட்டதும் தினசரிக் காலண்டர் தாளில் அவளே டிக் அடிப்பாள். தப்பித் தவறி அடுத்தடுத்த நாளில் போட்டுவிட்டார் என்றால், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று காத்திருக்காமல் சீட்டோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அதற்கு முறிவு மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

இன்னும் இரண்டு குழப்பங்கள். ஒன்று, கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரை தருவார்கள். பக்கவிளைவைக் குறைப்பதற்கு அது. மெத்தோட்ரெக்ஸேட் போடாத நாளில் போடச் சொல்வார்கள், எங்களுக்குத் திங்கட்கிழமை. மெத்தோட்ரெக்ஸேட் பிராண்டுகள் சிலவற்றின் பெயரும் "ஃபோலி" என்றுதான் தொடங்கும். பெயரின் முதல் பாதியை மட்டும் பார்த்து எடுத்தால் தலைகீழாகிவிடும். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள்.

இரண்டு, மாத்திரையின் அளவு. 2.5 மில்லிகிராமிலும் வரும், 10 மில்லிகிராமிலும் வரும். 15 மில்லிகிராம் எழுதியிருந்தால் சின்னதில் ஆறு மாத்திரை. கடையில் பெரியதைக் கொடுத்து, நீங்கள் பழக்கத்தில் ஆறு எண்ணினால் 60 ஆகிவிடும். வாங்கும் ஒவ்வொரு தடவையும் அட்டையைப் பாருங்கள், சங்கடப்படாமல் கடையிலேயே நின்று பாருங்கள்.

மறந்துபோனால் என்ன செய்வது என்றும் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் டாக்டர் சொன்னது: இரண்டு நாளுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம், அதைத் தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும், அடுத்த வாரம் இரட்டிப்பாகப் போடவே கூடாது.

4. மறுநாள்

சனி ராத்திரி போட்டால் ஞாயிறு குமட்டல், அசதி, தலை கனம். சிலருக்கு ஒன்றுமே இருக்காதாம், கொடுத்துவைத்தவர்கள். என் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்கக் கிளம்புகிற கறிக்குழம்பு வாசனையே ஆகாது. ஆறு மாதம் ஞாயிறு எங்கள் வீட்டில் ரசமும் சுட்ட அப்பளமும்தான். கறி புதன்கிழமைக்கு மாறியது. பிள்ளை கொஞ்ச நாள் முறைத்தான், அப்புறம் பழகிவிட்டான்.

சாப்பிட்ட பிறகு, தூங்குவதற்கு முன் போட்டால் குமட்டலில் பாதி தூக்கத்திலேயே போய்விடும். போதவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். வாந்தி மாத்திரை தருவார், டோஸைப் பிரித்துத் தருவார், அல்லது ஊசியாக மாற்றுவார். ஊசியில் குமட்டல் பலருக்குக் குறைகிறது. "தாங்கிக்கிறேன்" என்று அவர் சொன்னாலும் நீங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தாங்க முடியாமல் ஒருநாள் தானாகவே நிறுத்திவிடுவார்கள்.

முடி கொஞ்சம் கொட்டலாம். சீப்பைப் பார்த்து ஒன்றும் சொல்லாதீர்கள்.

பலன் தெரிய நாலிலிருந்து எட்டு வாரம். முழுப் பலன் தெரிய மூன்று நாலு மாதம். மூன்றாவது வாரம்தான் மோசம்: குமட்டலும் இருக்கும், படையும் அப்படியே இருக்கும். அந்த வாரத்தில்தான் யாராவது நாட்டு மருந்துக்காரர் விலாசத்தோடு வருவார்கள்.

5. எப்போது உடனே ஓட வேண்டும்

நம் வீடுகளில் வாய்ப்புண் வந்தால் "உடம்புச் சூடு" என்பார்கள். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. நாலு நாள் கீரை வைத்துக் கொடுத்தோம். மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறவருக்கு வாய்ப்புண் என்பது மருந்து உடம்பில் அதிகமாகிவிட்டதன் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரைக் கூப்பிட்டு, ரத்த அணுக்கள் டெஸ்ட் எடுக்க வேண்டும். கீரை வேண்டாம் என்று சொல்லவில்லை, போனை முதலில் எடுங்கள்.

அதேபோல, காய்ச்சல், தொண்டை வலி, காரணம் இல்லாமல் கன்றிப்போன நீலத் தடிப்பு, வறட்டு இருமலோடு மூச்சு வாங்குவது, கண் மஞ்சளாவது. கடும் வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் நீர் வற்றி, சிறுநீரகம் மருந்தை வெளியேற்றாது; அந்த வார மாத்திரைக்கு முன் கேளுங்கள். உடம்பு முழுக்கச் சிவந்து, குளிரில் நடுங்கினாலோ, சீழ் வைத்த சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்தாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வேறு எந்த டாக்டரிடம் போனாலும் "வாரத்துக்கு ஒரு தடவை மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறார்" என்பது உங்கள் முதல் வாக்கியமாக இருக்கட்டும். சிறுநீர்த் தொற்றுக்கு எழுதுகிற கோ-டிரைமாக்ஸசோல் இதோடு சேர்ந்தால் ஆபத்து. வலி மாத்திரைகளையும் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். மது கூடாது. உங்கள் வீட்டில் நோயாளி கணவர் என்றால் இந்த வரியை டாக்டர் வாயால் அவருக்குச் சொல்லவைப்பது நல்லது. மனைவி சொன்னால் சண்டையாகத்தான் முடியும்.

6. குழந்தைத் திட்டம் இருந்தால்

இதைப் பேச டாக்டரும் தயங்குவார், நீங்களும் தயங்குவீர்கள். பேசித்தான் ஆக வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் கருவைப் பாதிக்கும். சிகிச்சை நடக்கும்வரை கருத்தடை கட்டாயம். நிறுத்திய பிறகு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். எங்களுக்கு ஆறு மாதம் என்றார். தாய்ப்பால் கொடுக்கும்போதும் கூடாது. மருந்து போடுகிறவர் கணவர் என்றாலும் கேளுங்கள். அசிட்ரெட்டின் என்ற இன்னொரு மாத்திரை இருக்கிறது, அதை நிறுத்தினாலும் மூன்று வருடம் கர்ப்பம் கூடாது. இரண்டாவது குழந்தை வேண்டும் என்று எங்களுக்கு இருந்தது. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் சிகிச்சையின் வரிசையே வேறாக இருந்திருக்கும். நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே டெஸ்ட் எடுங்கள்.

7. களிம்பு, தைலம், லைட்

களிம்பு எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு ரேகை வரை பிதுக்கினால், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புக்குச் சரியாக இருக்கும். முதுகும் உச்சந்தலையும் அவர் கைக்கு எட்டாது, உங்கள் வேலை. குளித்துத் துடைத்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் செதில் அடங்கும். செதிலைப் பிய்த்தெடுக்காதீர்கள், கீறின இடத்திலேயே புதுப் படை வரும்.

மருந்துக்கடையில் "படைக்கு" என்று கேட்டால் நீட்டுகிற மூன்று நான்கு மருந்து கலந்த ட்யூபுகளில் பெரும்பாலும் கடுமையான ஸ்டீராய்டு இருக்கும். பத்து நாளில் மாயமாக மறையும், நிறுத்தினால் முன்னைவிட வேகமாகத் திரும்பும். ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி இன்னும் மோசம். பெயர் ஒட்டாத பொட்டலப் பவுடர்களையும் அதே காரணத்துக்காகத் தொடாதீர்கள்.

சித்தாவில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். வெட்பாலைத் தைலம் நாங்களும் தடவினோம், டாக்டரிடம் சொல்லிவிட்டு. என் மனைவிக்கு அரிப்பு குறைந்தது. ஆனால் உள்ளே சாப்பிடும் மருந்தை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். கல்லீரல் எண் ஏறினால் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. சித்தாதான் வேண்டும் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போல முறையான இடத்துக்குப் போங்கள், ஃபைலோடு.

லைட் சிகிச்சை என்பது 311 நானோமீட்டர் புறஊதா வெளிச்சத்தில் சில நிமிடம் நிற்பது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, இருபது முப்பது தடவைக்குக் குறையாது. பக்கவிளைவு குறைவு, அலைச்சல்தான் அதிகம். தொடங்கும் முன் உங்கள் ஊரிலிருந்து போய்வரும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்; பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் அந்தப் பெட்டி இருக்கிறதா என்று விசாரியுங்கள். நாங்கள் பாதியில் விட்டதற்கு அவளுக்குப் பள்ளியில் பர்மிஷன் கிடைக்காததுதான் காரணம்.

8. ஒத்துவராவிட்டால்

மெத்தோட்ரெக்ஸேட் ஒத்துவராவிட்டால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றுவார். சைக்ளோஸ்போரின் மாத்திரை என்றால் பிபியும் கிரியாட்டினினும் விடாமல் பார்க்க வேண்டும். அப்ரெமிலாஸ்ட் என்றால் டோஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள்; முதல் வாரங்களில் வயிற்றுப்போக்கு இருக்கும். சிலருக்கு மனச்சோர்வு வரும், அதை அவர் கவனிக்கமாட்டார், நீங்கள்தான் கவனிக்க வேண்டும். எந்த மருந்தாக இருந்தாலும், "செத்துப்போயிடலாம்போல இருக்கு" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

பயாலஜிக் ஊசிகள், அதாவது எதிர்ப்புச் சக்தியின் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் தடுக்கிற ஊசிகள், நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் டிபியை எழுப்பிவிடக்கூடும் என்பதால் டிபி டெஸ்ட் இல்லாமல் தொடங்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் வீண். கரண்ட் அடிக்கடி போகிற ஊர் என்றால் ஊசி போடும் அன்றைக்கே ஐஸ் பெட்டியில் வாங்கி வருவதுதான் புத்திசாலித்தனம்.

9. பணம்

மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலிக் ஆசிட் இரண்டும் சேர்த்து எங்களுக்கு மாதம் இருநூறு ரூபாயைத் தாண்டியதில்லை. மருந்தைவிட டெஸ்டுக்கும் பஸ்ஸுக்கும்தான் செலவு. மக்கள் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

பயாலஜிக் என்றால் கதையே வேறு, ஆயிரம் பதினாயிரம் என்று போகும். முதல் ஊசிக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள், முதல் வருடத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஆரம்பத்தில் சில ஊசிகளை வாரா வாரம் போடுவார்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்து வையுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை மருத்துவமனையில் உள்ள அந்தத் திட்டத்தின் கவுண்டரிலேயே கேளுங்கள்.

தனியார் இன்ஷூரன்ஸ் எடுப்பதாக இருந்தால் சொரியாசிஸை மறைக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம் என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி. ஓபி செலவு பெரும்பாலான பாலிசிகளில் வராது. மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசிகளை (பயாலஜிக் ஊசிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்) நவீன சிகிச்சைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் பாலிசியில் அதற்கு என்ன உச்சவரம்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் போனில் கேட்டேன், "ஆமா சார், வரும்" என்றார்கள். கிளெய்ம் போட்டபோது வரவில்லை.

10. சொந்தக்காரர்களும் போர்வையும்

"ஒட்டுமா?" என்று கேட்பார்கள். ஒட்டாது. பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள், அவர் வாயால் சொல்லவைக்காதீர்கள். கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா என் மனைவியின் கையைப் பார்த்துவிட்டுத் தாம்பூலப் பையை மேசையில் வைத்து நகர்த்தினார். நான் அதை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, "இது ஒட்டுவாரொட்டி இல்ல பெரியம்மா, நான் ஏழு வருஷமா கூடத்தான் இருக்கேன்" என்றேன். போகும் வழியில் அவள் அதற்காக என்னைத் திட்டினாள். அடுத்த விசேஷத்துக்குப் போகும் முன், யார் பேசுவது என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்பினோம்.

வெட்பாலைத் தைலம் ஊதாவாகக் கறை பிடிக்கும், போகவே போகாது. தலையணைக்குப் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுங்கள். வெளிர் நிறப் போர்வை வாங்குங்கள், செதில் தெரியாது. காலையில் போர்வையை உதறுவது எங்கள் வீட்டில் என் வேலை. அவள் குளிக்கப் போன பிறகு, மொட்டை மாடியில், காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிற்காமல்.